பூர்வகுடி யார்?

(கோவில்பட்டியில் நடந்த கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மண்ணைத் தோண்டியும் கல்லைப் படித்தும் செய்கின்ற ஆராய்ச்சியைப் பற்றியது. இது படித்தவர்கள் சங்கதி, நமக்கென்ன என்று யாரும் எழுந்து போய்விடவேண்டாம். ஏனென்றால் இந்த ஜில்லாவிலே சுவர் கண்ட இடமெல்லாம் "ஆண்ட பரம்பரை" என்று ஒரு கூட்டத்தார் எழுதுகிறார்கள். அடுத்த தெருவார் "நாங்களே பூர்வகுடி, நீங்கள் வந்தேறி" என்று எழுதுகிறார்கள். ஆதிச்சநல்லூரில் ஒரு தாழி வெளிப்பட்டால் அது எங்கள் பாட்டன் தாழி என்று நாலு ஜாதிக்காரர் பாத்தியம் கொண்டாட வந்துவிடுகிறார்கள். இது வாய்ப்பேச்சோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். 1895-ல் இதோ பக்கத்திலிருக்கிற கழுகுமலையிலே தேர் ஓடும் வீதியில் யார் நடக்கலாம் என்கிற தகராறில் உயிர்கள் போயின. 1899-ல் சிவகாசி எரிந்தது. அந்தப் பழக்கம் இன்னும் தீர்ந்தபாடில்லை. பள்ளிக்கூடப் பையன் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்திலே வந்து நிற்கிறது. ஆகையால் பூர்வீகம் பூர்வீகம் என்கிறார்களே, அதற்கு மண்ணிலும் கல்லிலும் என்ன தஸ்தாவேஜு இருக்கிறது என்று இன்று கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் நிலத்தைக் கவனியுங்கள். நாம் உட்கார்ந்திருப்பது கரிசல். வானம் பார்த்த பூமி. தெற்கே போனால் பொருநை, அதாவது தாமிரவருணி. பொதிகை மலையிலே புறப்பட்டுச் சுமார் 128 கிலோமீட்டர் ஓடி மன்னார் குடாவிலே விழுகிற ஒரு சின்ன ஆறு. கங்கை காவிரிக்கு முன்னாலே அதை ஆறு என்று சொல்லவே கூச்சப்படவேண்டும். ஆனால் இரண்டு மழையும் அதற்குக் கிடைக்கிறது. மேற்கத்தி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. ஆகவே வருஷத்தில் இரண்டு போகம் நெல். சுற்றிலும் காய்ந்த காடு, நடுவிலே ஒரு பச்சை நாடா. இப்படி ஒரு நாடா இருந்தால் சுற்றியுள்ள ராஜாக்கள் சும்மா இருப்பார்களா?

இருக்கவில்லை. மேற்கே மலையைத் தாண்டி ஆய் அரசர்களும் சேரர்களும், வடக்கே மதுரையில் பாண்டியர்களும், அதற்கப்பால் தஞ்சையிலிருந்து சோழர்களும், பின்னால் வேணாட்டாரும் விஜயநகரத்தாரும், ஆளுக்கொரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கிலே கால் வைத்தார்கள். பெயரளவுக்குக் கொடி நட்டுவிட்டுப் போகாமல் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அதுதான் கவனிக்கவேண்டிய விஷயம்.

இவர்களுக்கெல்லாம் முன்னே இங்கே ஆள் இல்லையா என்றால், இருந்தார்கள். 1876-ல் யாகோர் என்கிற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூர்ப் பரம்பைத் தோண்டிக் கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரையில் அலெக்சாண்டர் ரீ துரை அதே 114 ஏக்கர் மேட்டிலே தோண்டித் தாழிகளும், இரும்பு ஆயுதங்களும், வெண்கலப் பாத்திரங்களும், பொன்னால் செய்த நெற்றிப்பட்டங்களும் எடுத்தார். 2004, 2005-ல் மத்திய சர்க்கார் இலாகா மறுபடி தோண்டியதில் நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வந்தன. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல் உமியைப் பரிசோதித்ததில் அது கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று வந்தது. அங்குள்ள இரும்பு அதைவிட இரண்டாயிரம் வருஷம் பழையது என்று தமிழ்நாட்டு சர்க்கார் 2025-ல் அறிக்கை வெளியிட்டார்கள்.

சரி, அந்தத் தாழிக்குள் இருந்தவன் என்ன ஜாதி? எந்தத் தாழியிலாவது எழுதியிருக்கிறதா? நெல்லுச் சோற்றையும் இரும்பையும் கூடவே வைத்துப் புதைத்தார்கள் என்று தெரிகிறது. பிணத்தை மடக்கிப் பானைக்குள் வைத்தார்கள் என்று தெரிகிறது. இன்றைக்கு "என் பாட்டன்" என்று உரிமை கொண்டாடுகிறவர்கள் யாராவது தங்கள் வீட்டுப் பெரியவரைப் பானைக்குள் மடக்கி வைக்கிறார்களா என்று கேட்கிறேன்.

இனி ராஜாக்கள் வந்த கதைக்கு வருவோம். எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டிலே பாண்டியர் கை ஓங்கியது. அவர்களுக்கு எதிரி மேற்கே ஆய் வம்சத்தார். மலைக்கணவாய் வழியாக அவர்கள் இறங்கிவிடாதபடி பாண்டியன் நெடுஞ்சடையன் கரவந்தபுரத்தில், இன்றைக்கு உக்கிரன்கோட்டை என்கிறோமே அங்கே, அகழியோடு கோட்டை கட்டினான். இந்தச் சண்டையின் சாட்சி எங்கே இருக்கிறது தெரியுமா? நம்மிடமிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், கழுகுமலைப் பாறையில் இருக்கிறது. மாறஞ்சடையனுடைய 23-ஆம் ஆட்சியாண்டில் அரசன் மலைநாட்டுச் சடையன் கருநந்தன்மேல் படையெடுத்து அரிவியூர்க் கோட்டையை அழித்தான் என்றும், அந்தப் போரிலே இந்தப் பக்கத்துத் தலைவனுடைய சேவகர் இருவர் மாண்டார்கள் என்றும் வட்டெழுத்திலே வெட்டியிருக்கிறது. ஆற்றங்கரை நெல்லுக்காக நடந்த சண்டைக்குக் கரிசல்காட்டு ஆள் உயிரைக் கொடுத்திருக்கிறான் என்பது இதிலே விளங்குகிறதா இல்லையா?

கோட்டை ஒரு பக்கம். மற்றொரு பக்கம் பாண்டியன் வேறொரு காரியம் செய்தான். அம்பாசமுத்திரத்துக்கு அன்று இளங்கோக்குடி என்று பெயர். வரகுண பாண்டியன் தொண்டைநாட்டிலே பெண்ணையாற்றங்கரை அரசூரில் பாளையம் இறங்கியிருந்தபோது, அங்கிருந்தே இளங்கோக்குடிக் கோவிலுக்கு 290 பொற்காசு கொடுத்தான். காசு அந்த ஊர்ப் பார்ப்பனச் சபையார் கையிலே ஒப்படைக்கப்பட்டது. வட்டி, காசுக்கு வருஷத்துக்கு இரண்டு கலம் நெல். ஆக 580 கலம் வருஷந்தோறும் கோவிலுக்கு அளக்கவேண்டும். முதல் தொடக்கூடாது, சூரிய சந்திரர் உள்ளவரையில் வட்டி நடக்கவேண்டும். இதைச் சாமி பக்தி என்று புராணிகர் சொல்லுவார். நான் கணக்குப் பார்க்கச் சொல்லுகிறேன். நூற்றுக்கணக்கான மைலுக்கப்பால் சண்டையில் இருக்கிற ராஜா, எல்லைப்புறத்து ஊரிலே தனக்கு வேண்டிய ஒரு சபையாரிடம் முதலைப் போட்டு, அந்த ஊர் நெல்லைத் தன் பெயரிலே என்றென்றைக்கும் கட்டிப்போட்டுவிட்டான். படைவீரனுக்குச் சம்பளம் கொடுத்து எல்லையில் நிறுத்துவதைவிட இது மலிவு அல்லவா? அந்த 580 கலத்தை விளைவித்தவன் பெயர் மட்டும் அந்தக் கல்லில் எங்கேயும் இல்லை.

இதைப்போலவே உலகத்தில் வேறெங்காவது நடந்ததுண்டா என்று கேட்பீர்கள். உண்டு. தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு தேசம். அதன் தெற்கே மொக்கேகுவா என்கிற பள்ளத்தாக்கு. நம்மைப்போலவே சுற்றிலும் வறட்சி, நடுவிலே ஒரு ஆறு. மேலே பனிமலைப் பிரதேசத்தில் மக்காச்சோளம் நன்றாக விளையாது, பள்ளத்தாக்கிலே விளையும். அதனாலே இன்கா ராஜ்யம் உண்டாவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால், கி.பி. 600-ஐ ஒட்டி, இரண்டு போட்டி ராஜ்யங்கள் அங்கே ஆள் அனுப்பின. வடக்கே அயகுச்சோ பக்கத்திலிருந்து வாரி ராஜ்யம். டிட்டிகாக்கா ஏரிக்கரையிலிருந்து திவானாக்கு ராஜ்யம். திவானாக்கு ஜனங்கள் ஆற்றோரத்துச் சமநிலத்தில் குடியேறிச் சோளம் போட்டார்கள். வாரி ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்டி மாதிரித் தட்டையாக, பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற செர்ரோ பாவுல் என்னும் மலை உச்சியிலே ஊர் கட்டினார்கள். அதுவரையில் யாரும் உழாத மலைச் சரிவுக்கு நீண்ட வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து படிப்படியாக வயல் கட்டினார்கள்.

அவர்களிடம் எழுத்துக் கிடையாது. சாசனம் கிடையாது. பின்னே இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்றால், பானையிலே தெரிந்தது. இரண்டு கூட்டத்தாரும் ஏறக்குறைய 400 வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும், ஒருவர் பானை மாதிரியை மற்றவர் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவில்லை. வீடு கட்டுகிற ரீதியும் வேறு. இன்னொரு வேடிக்கை: குழந்தைப் பருவத்தில் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து எந்த மண்ணில் விளைந்ததைத் தின்றோமோ அந்த மண்ணின் அடையாளம் பல்லிலே தங்கிவிடுகிறது. அங்கே புதைக்கப்பட்டவர்களின் பல்லைப் பரிசோதித்ததில் சிலர் ஏரிக்கரை நாட்டிலே பிறந்து இங்கே வந்து செத்தவர்கள் என்று ருசுவாயிற்று. கடைசியில் கி.பி. 1000-ஐ ஒட்டி, வாரி ஜனங்கள் தங்கள் மலை உச்சியிலிருந்த மது வடிக்கும் சாலையில் பெரிய விருந்து நடத்தி, குடித்த பாத்திரங்களை உடைத்துப் போட்டு, கட்டடத்துக்கு நெருப்பு வைத்துவிட்டு மலையைக் காலிசெய்து போய்விட்டார்கள் என்று தோண்டினவர்கள் சொல்லுகிறார்கள். திவானாக்கு ஊர்களும் பாழாயின.

கி.பி. 1000 என்றேனே, அந்தச் சமயத்தில்தான் பொருநைக் கரையிலே மூன்றாவது ஆசாமி, அதாவது சோழன், ஊன்றி உட்காருகிறான். முதலாம் பராந்தகன் காலத்திலேயே மதுரை கொண்டவன் என்று பட்டம் சூட்டிக்கொண்டார்கள். பாண்டியன் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்கு ஓடினான். ஆனால் நிலைத்த ஆட்சி முதலாம் ராஜராஜனோடு வந்தது. அவன் செய்த முதல் வேலை பெயரை மாற்றினது. பாண்டிநாடு முழுவதற்கும் ராஜராஜப் பாண்டிநாடு என்று பெயர். அம்பாசமுத்திரம், சேரன்மாதேவிப் பக்கம் முடிகொண்ட சோழ வளநாடு ஆயிற்று. சேரன்மாதேவிக்கு நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். கோட்டாற்றுக்கு மும்முடிச் சோழநல்லூர். மைல்கல்லுக்கு மைல்கல் பெயர்ப்பலகை மாற்றுவது இன்றைய கட்சிகள் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்காதீர்கள்!

பெயரோடு நிற்கவில்லை. எழுத்தையும் மாற்றினான். இந்த நாட்டில் வட்டெழுத்து வழங்கி வந்தது. சோழன் அதிகாரிகள் தங்கள் ஊர்த் தமிழ் எழுத்திலே சாசனம் வெட்டினார்கள். வட்டெழுத்து இங்கே மெல்ல மெல்லச் செத்து, மலையாளத்துப் பக்கம் மாத்திரம் வெகுகாலம் பிழைத்திருந்தது. கழுகுமலைப் பாறையை இன்று நம்மில் ஒருவராலும் படிக்க முடியவில்லை என்றால், அதற்குக் காரணம் ஆயிரம் வருஷத்துக்கு முன் நடந்த ஆபீசு மாற்றம்.

ராஜேந்திரன் தன் மகனையே சோழபாண்டியன் என்கிற பட்டத்தோடு மதுரையில் வைத்தான். மன்னார்கோவிலில் ஒரு விஷ்ணு கோவில் இருக்கிறதே, அதற்குச் சாசனப் பெயர் ராஜேந்திர சோழ விண்ணகரம். கட்டினது யார் என்று பார்த்தால் சேர அரசன் ராஜசிம்மன் என்கிறது சாசனம்! பாண்டியன் மண், அதிலே சோழன் பெயரில் கோவில், கட்டிக்கொடுத்தது சேரன். மூவேந்தர் ஒற்றுமை என்று புலவர்கள் பூரிக்கலாம். தோற்றவன் ஜெயித்தவனுக்குக் கட்டின கப்பம் அது. பின்னும் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கோட்டாற்றில் நிலைப்படை என்று பட்டாளத்தையே குடிவைத்தார்கள். தெற்குப் பாதையில் அங்கங்கே சோழன் பட்டாளம் குடும்பம் குட்டியோடு ஊராக உட்கார்ந்துவிட்டது.

அந்த மங்கலங்கள் எப்படி உண்டாகும் என்பதையும் சொல்லவேண்டும். நான்கு வேதம் வல்லவர்களுக்கு என்று ஒரு ஊரை வரியில்லாமல் எழுதி வைத்தால் அது சதுர்வேதிமங்கலம். வந்தவர்கள் ஏர் பிடிக்கமாட்டார்கள். ஆகவே குத்தகைக்காரன் வேண்டும். அவனும் சேற்றில் இறங்காவிட்டால் அவனுக்குக் கீழே ஒருவன் வேண்டும். பல்லவர் செப்பேடுகளிலே "குடி நீக்கி" என்றும், "முன்பெற்றாரை மாற்றி" என்றும் ஒரு வாசகம் வரும். அதாவது முன்னே இருந்த குடியை அப்புறப்படுத்தி, முன்னே அனுபவித்தவனை மாற்றி, இவனுக்குக் கொடுத்தோம் என்று அர்த்தம். எல்லாச் சாசனத்திலும் அப்படி இல்லை. குடியை வைத்துக்கொண்டு கொடுத்ததும் உண்டு. ஆனால் இப்படி ஒரு வாசகத்துக்கே தேவை ஏற்பட்டது என்றால், மாற்றப்பட்டவன் எங்கே போனான் என்று யாராவது கேட்டார்களா? பெருவிலே எழுத்து இல்லாததால் பானையைக் கேட்டார்கள். பானை ஆண்டானையும் அடியானையும் சேர்த்தே காட்டுகிறது. நம்மிடம் எழுத்து ஏராளம். அது பத்திரம் வாங்கினவனைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் காற்றுத் திரும்பியது. 1216-ல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினான். பிறகு வேணாட்டு அரசர் களக்காட்டில் வந்து உட்கார்ந்தார்கள். 1532-ல் விஜயநகரத்து அச்சுதராயன் சேனை வந்து தாமிரவருணிக் கரையிலே வெற்றித் தூண் நட்டது. (அதே 1532-ல்தான் ஸ்பெயின்காரன் பெருவில் இன்கா ராஜாவைப் பிடித்தான்.) ஆற்றில் ஏழு பழைய அணைகள் இருக்கின்றன, எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கட்டினது. கன்னடியன் கால்வாய்க்குப் பசு நடந்து வழி காட்டியது, பசு படுத்த இடமெல்லாம் குளம் வெட்டினார்கள் என்று ஒரு கதை நடக்கிறது. பசுவுக்கு மட்டம் பார்க்கத் தெரியுமானால் மராமத்து இலாகாவில் இஞ்சினீயர் எதற்கு? மண்வெட்டி பிடித்தவனையும் மட்டம் பார்த்தவனையும் மறைப்பதற்கு ஒரு மாடு!

இவ்வளவும் ஆற்றங்கரைச் சங்கதி. நம் கரிசல் காடு இத்தனை நாளும் என்ன ஆயிற்று? ராஜாக்களுக்கு இது வேண்டாத நிலமாய் இருந்தது. வாய்க்கால் ஏறாது, மங்கலம் அமைக்க முடியாது. விஜயநகரத்துக்குப் பிறகுதான் வடக்கேயிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள் கூட்டங்கூட்டமாக இங்கே வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு புராணம் உண்டு: ஓடி வரும்போது ஆறு குறுக்கிட, இரண்டு கரையிலுமிருந்த புங்கமரங்கள் வளைந்து பாலமாய் நின்றனவாம். மரம் வளைந்ததோ இல்லையோ, அவர்கள் ஊரில் கரிசல் மண் உண்டு; அந்த மண்ணுக்கு எப்போது ஏர் பூட்டவேண்டும், ஈரம் எத்தனை நாள் நிற்கும், எதற்குப் பின் எதை விதைக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பருத்தியும் கம்பும் சோளமும் போட்டார்கள். மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு 72 பாளையமாகப் பிரிக்கப்பட்டது. பொதுவாகப் பார்த்தால் கிழக்கே கரிசல் பக்கம் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி என்று தெலுங்குப் பாளையங்கள், மேற்கே செம்மண் பக்கம் நெற்கட்டும்செவல், சேத்தூர், ஊத்துமலை என்று மறவர் பாளையங்கள். இவர்களுக்குள்ளும் சண்டை. 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு அவன் பாளையத்து நிலத்தைக் கும்பினியார் பக்கத்துப் பாளையக்காரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். மறுபடியும் "முன்பெற்றாரை மாற்றி"தான். இந்தத் தடவை இங்கிலீஷில்.

இப்போது சொல்லுங்கள், இதிலே வந்தேறி யார்? சோழன் குடிவைத்த பட்டாளத்தின் சந்ததியா? இளங்கோக்குடிச் சபையாரா? மதுரையிலிருந்து கோட்டை கட்ட வந்த பாண்டியன் ஆளா? புங்கமரப் பாலத்தில் வந்தவரா? தாழியில் கிடக்கிறவனையே நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால், அவன் பல்லைப் பரிசோதித்துத்தான் பதில் சொல்லவேண்டும். ஐந்நூறு வருஷமாய் இந்தக் கரிசலில் வெயிலில் கருகினவனை நீ வெளியூரான் என்கிறதும், அதற்கு அவன் பதிலுக்கு நாங்கள் பாளையம் ஆண்டவர்கள் என்று தலையைத் தூக்குகிறதும், இரண்டுமே ராஜாக்கள் விட்டுப்போன பட்டயத்தைத் திருப்பிப் படிக்கிற வேலை. பாளையத்தை ஆண்டது ஒரு குடும்பம். மற்ற எல்லாரும் கிஸ்தி கட்டினார்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் காட்டில் ஏர் ஓட்டும்போது பெரிய தாழியின் விளிம்போ, கறுப்பும் சிவப்புமான ஓடோ தட்டுப்பட்டால், புதையல் இருக்குமென்று கடப்பாரையால் உடைக்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் எலும்பும் உமியும் துருப்பிடித்த இரும்பும்தான். நமக்கு அது பொன்னைவிடப் பெரிது. உடனே தாலுகா ஆபீசில் சொல்லுங்கள். எடுத்த இடம், எவ்வளவு ஆழம் என்பதைக் குறித்து வையுங்கள். கோவில் திருப்பணி என்று சொல்லி எழுத்துள்ள கல்லுக்கு மேலே சிமெண்டும் வண்ணமும் பூசுகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். உங்கள் ஊரின் ஒரே சாட்சி அந்தக் கல்லாக இருக்கலாம்.

கழுகுமலைக்குத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது முருகன் கோவிலோடு திரும்பிவிடாமல் மேலே ஏறுங்கள். வெட்டுவான் கோவிலைத் தாண்டி, பாறை நெடுகச் சமண உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. பலவற்றின் கீழே அதைச் செய்வித்தவர் பெயர் வட்டெழுத்தில் இருக்கிறது. அந்தப் பெயர்களிலே குயவர் இருக்கிறார், தச்சர் இருக்கிறார், கொல்லர் இருக்கிறார். குரத்தியர் என்று பாடம் சொல்லிக்கொடுத்த பெண்களும் இருக்கிறார்கள். மலையடிவாரத்துத் தேர்வீதியில் நடக்க 1895-ல் வெட்டுக் குத்து நடந்ததே, அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னே மலைமேலே குயவரும் கொல்லரும் தங்கள் பெயரைத் தங்கள் காசு கொடுத்து வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பையன்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காலை வெயில் சாய்ந்து விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும்.